மூன்று விரல்

யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது தாடைக்கும் கழுத்துக்கும்தான். தம்பிக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லோரும் பெண்ணின் கண்ணழகைப் பேசிக்கொண்டிருக்க, நான் "தாடை கொஞ்சம் சின்னது" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். "நீ கல்யாணத்துக்குப் பாக்க வந்தியா, ஆபரேஷனுக்குப் பாக்க வந்தியா?" என்று அம்மா வழியெல்லாம் பொரிந்து தள்ளினாள். நான் சிரித்துச் சமாளித்தேன். இந்தப் பழக்கம் எப்படி ஒட்டிக்கொண்டது என்று வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

மயக்க மருந்து கொடுப்பது என் தொழில். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் எனக்கென்று ஓர் ஆஸ்பத்திரி கிடையாது. தாம்பரத்திலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பி சேலையூர், மேடவாக்கம், முடிச்சூர் என்று எந்த நர்சிங் ஹோமில் கூப்பிட்டாலும் பையோடு போய் நிற்பேன். நாங்கள் போடும் மருந்தில் நோயாளி தூங்குவது மட்டுமல்ல, மூச்சும் நின்றுவிடும். உடனே வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாயைச் செலுத்தி, அவருக்காக நாங்கள் காற்றைத் தள்ள வேண்டும். அந்தக் குழாய் போகுமா, முரண்டு பிடிக்குமா என்பதை மருந்து போடுவதற்கு முன்பே கணித்துவிட வேண்டும். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நோயாளி தன்னுடைய மூன்று விரல்களை மேலும் கீழுமாக அடுக்கித் தன் வாய்க்குள் நுழைத்துக் காட்ட வேண்டும். நுழைந்தால் பாதிக் கவலை விட்டது. பத்து வினாடி வேலை.

அந்தப் பத்து வினாடியை ஒருவருக்கு நான் செலவழிக்கவில்லை.

அவர் கோவளத்தில் மீன் விற்கிற அம்மா. ஐம்பது வயதிருக்கும். பித்தப்பையில் கல், மறுநாள் காலை ஆபரேஷன். நான் பார்க்கப் போன சாயங்காலம் அவருடைய மருமகன் கட்டில் ஓரமாகக் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். "வாயைத் திறங்கம்மா" என்றேன். அவர் முந்தானையை வாயோரம் பிடித்துக்கொண்டு கொஞ்சமாகத் திறந்தார். மருமகன் நிற்கிறார், கூச்சப்படுகிறார் என்று எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். என் அம்மா என் கணவர் முன்னால் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அவர் வீட்டுக்குள் நுழைந்தால் நாற்காலியை விட்டு எழுந்து சமையலறைக் கதவோரம் போய் நின்றுவிடுவாள். அப்படியிருக்க, மருமகனை வைத்துக்கொண்டு மூன்று விரலை வாயில் விடச் சொல்வதா? அவரை வெளியே போகச் சொல்லியிருக்கலாம். அதற்கும் எனக்குச் சங்கடமாக இருந்தது.

"வெத்தல பாக்கு போடுவீங்களாம்மா?"

"பாக்கு போட்டுகினுதான் இருந்தேன் டாக்டரம்மா. வுட்டு மூணு வருசம் ஆவுது."

நல்லது என்றேன். ஏன் விட்டீர்கள் என்று கேட்கவில்லை. கேஸ் ஷீட்டில் 'வாய் நன்றாகத் திறக்கிறது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் காலை மருந்து ஏற்றினேன். அவர் தூங்கினார், மூச்சு நின்றது. வாயைத் திறக்கத் தாடையில் கைவைத்தேன். திறக்கவில்லை. மருந்தில் உடம்பெல்லாம் துவண்டு கிடக்கிறது, தாடை மட்டும் மழையில் ஊறிய ஜன்னல்போல இறுகி நிற்கிறது. பலம்கொண்ட மட்டும் அழுத்திப் பார்த்தேன். ஒரு விரல் அகலம். கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக, கயிறு கயிறாக விறைத்திருந்தது. வருஷக்கணக்கில் மென்ற பாக்கு செய்த வேலை. பாக்கை விட்டாலும் அது இளகாது.

முகமூடியை அழுத்திப் பிடித்துக் காற்றுப் பையைப் பிசைந்தேன். நெஞ்சு எழும்பவில்லை. நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைத்துவிட்டது. அதைத் தூக்கிப் பிடிக்கும் கருவியை உள்ளே விட வாய் திறந்தால்தானே? அவர் விரலில் மாட்டியிருந்த கருவி டிங், டிங் என்று நாடியைச் சொல்லிக்கொண்டிருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய அதன் சுருதி இறங்கும். இறங்கத் தொடங்கியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது.

சர்ஜன் கத்தியைக் கையில் எடுத்துவிட்டார். வாய் வழி அடைபட்டால், கழுத்தில் துளைபோட்டு நேராக மூச்சுக்குழலுக்குள் காற்றை விடுவதுதான் கடைசி வழி. "கழுத்துல போட்டுடவா மேடம்?"

"ஒரு நிமிஷம் சார், ஒரே நிமிஷம்" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. நான் கொண்டுவந்த பையைக் கொட்டி, மூக்கு வழியாக விடும் மெல்லிய ரப்பர் குழாயைத் தேடி எடுத்து, ஜெல் தடவி, அவர் மூக்கில் செலுத்தினேன். மறுபடி முகமூடியைப் பிடிக்க எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. நர்ஸ் காற்றுப் பையைப் பிசைந்தார். நெஞ்சு கொஞ்சம் எழும்பியது. இன்னொரு முறை. இன்னும் கொஞ்சம். உதடு நீலம் பாரித்திருந்தது. மருந்து தெளிந்து அவரே மூச்சு விடும்வரை இப்படியே ஓட்ட வேண்டும். முதலில் அவருடைய சுண்டுவிரல் அசைந்தது. பிறகு ஒரு பெரிய இழுப்பு. சுருதி மெல்ல ஏறியது. சர்ஜன் கத்தியைத் தட்டில் வைத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆபரேஷனை நிறுத்திவிட்டோம். பிறகு சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், விழித்திருக்கும்போதே மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி, நல்லபடியாக முடித்தார்கள்.

அன்று மத்தியானம் அவருக்கு நன்றாக நினைவு திரும்பிய பிறகு கட்டிலருகே போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் பயம் இன்னும் இறங்காததால் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. "நேத்து வாயைத் திறக்கச் சொன்னப்ப ஏம்மா முழுசாத் திறக்கல?"

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். முந்தானை தோளில்தான் கிடந்தது. மருமகன் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு கிண்ணத்தில் சோற்றைக் கையால் பிசைந்து கூழாக்கிக்கொண்டிருந்தார்.

"முழுசாத்தானே தொறந்தேன் டாக்டரம்மா?"

"அத்தைக்கு அவ்ளோதான் மேடம் தொறக்கும்" என்றார் மருமகன், தலைநிமிராமல். "மூணு வருசமா நான்தான் கொழைச்சுக் குடுத்துகினு கீறேன். நேத்து அங்கயேதான் நின்னுகினு இருந்தேன். நீங்க என்னை ஒண்ணுமே கேக்கல."