பிரேக் எட்டாத கை

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்குப் பழகுவதற்காக என் பழைய ரேஸ் சைக்கிளை மாற்றியமைத்தேன். முழங்கை ஊன்றிக் குனிந்து ஓட்ட, முன்னால் நீளும் இரண்டு கம்பிகளை ஹேண்டில்பாரில் பொருத்தினேன். முதல் நாளே திருச்சுழி சாலையில் பறந்தேன். வளைவு திரும்பினால், வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று சாலையில் பரப்பிய உளுந்துச் செடி! கம்பி நுனியில் இருந்த கைகள் பின்னாலிருந்த பிரேக்குக்குப் போவதற்குள் சக்கரம் வழுக்கி விழுந்தேன். பின்னால் வந்த பஸ் என் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

டிரைவர் இறங்கி ஓடி வந்தார். “ஏத்தா, பிரேக்கப் புடிக்க வேண்டியதுதான?”

“கை எட்டலண்ணே.”

என்னைத் தூக்கிவிட்டு, கம்பி நுனிக்கும் பிரேக்குக்கும் இடையே இருந்த தூரத்தை அவர் சாண் வைத்து அளந்து பார்த்தார்.

இப்போது வீட்டுக்குள் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி மிதிக்கும்போது மட்டுமே அந்தக் கம்பிகளை மாட்டுகிறேன். சாலையில் என் விரல்கள் பிரேக்கை விட்டு நகர்வதில்லை. எதிரே அந்த பஸ் வந்தால், டிரைவர் முதலில் என் கைகளைத்தான் பார்க்கிறார்.