ஓடிய மோட்டார், ஓங்கிய கொக்கி

இன்று மட்டாஞ்சேரி பஸ்ஸில் ஒருவர் இன்னொருவரின் சட்டையைப் பிடித்தார். உடனே பத்து செல்போன்கள் எழுந்தன. பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

எண்பதுகளில், இதே ஊரில், நானும் ஒருவரை இப்படி நிறுத்தியிருக்கிறேன்.

அப்போது நான் பத்திரிகைப் புகைப்படக்காரன். அழுத்திப் பிடித்தால் படபடவென்று தானே எடுத்துத் தள்ளும் மோட்டார் கேமரா கைக்கு வந்த புதிது.

மிளகுக் கிடங்கில் சுமைத் தொழிலாளர்கள் மேனேஜரை வெளியே விடாமல் கெரோ செய்தார்கள். படமெடுக்கப் போன நானும் அவரோடு மாட்டிக்கொண்டேன். ஒரு தொழிலாளி மேனேஜரை நோக்கி மூட்டைக் கொக்கியை ஓங்கினார். நான் பொத்தானை அழுத்தினேன். கொக்கி அந்தரத்தில் நின்றது.

"நிறுத்தாதீங்க சார்" என்றார் மேனேஜர்.

நொடியில் ஃபிலிம் தீர்ந்தது.

"ஃபிலிம் மாத்தறேன், அப்படியே நில்லுங்க" என்றேன் கொக்கி ஓங்கியவரிடம். நின்றார்!

மாற்றுச் சுருளோ வெளியே ஸ்கூட்டரில் இருந்தது. வெறும் கேமராவையே ஓட்டினேன்.

"சேட்டா, கை கடுக்குது. போதுமா?" என்றார் கொக்கிக்காரர்.

மேனேஜர் என் முதுகில் கிள்ளினார். ஓட்டிக்கொண்டே இருந்தேன். பேட்டரி செத்த பிறகுதான் கொக்கி இறங்கியது.

இன்று சுள்ளிக்கல் நிறுத்தத்தில் நான் இறங்கும்போதும் சட்டை பிடியில்தான் இருந்தது. ஒரு போனும் இறங்கவில்லை.

அந்த பஸ்ஸில் வந்தவர்கள் சொல்லுங்கள்: யாருடைய பேட்டரி முதலில் தீர்ந்தது?