க்ளோவிஸின் நாலு ஆவர்த்தனம்

தடால்!

யாரோ என் கடைக் கதவை உதைத்தார்கள். கையால் தட்டவில்லை. காலால் உதைத்தார்கள்.

இதைப் படித்துவிட்டுக் கட்டுக்கதை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நடந்தது எனக்கு. நியூ ஆர்லியன்ஸில், ட்ரெமே பேட்டையில், 1997 ஆகஸ்டில். அந்த கேசட் இன்னமும் என் அலமாரியில் கிடக்கிறது. அதை இன்னொரு முறை ஓடவிடும் தைரியம்தான் எனக்கு இல்லை.

ராத்திரியில் மதுக்கடைகளில் ட்ரம்பெட் வாசிப்பேன். பகலில் பழைய ஒலிப்பதிவுகளை கேசட்டில் ஏற்றிக் கொடுப்பேன். அதுதான் பிழைப்பு.

கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டு மிஸ் யூலா. ஒரு கையில் சிவப்பு பீன்ஸ் சட்டி, மறு கையில் துருப்பிடித்த வட்டத் தகர டப்பா. தட்டுவதற்கு மூன்றாவது கை இல்லை. திங்கட்கிழமையானால் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு சிவப்பு பீன்ஸ்தான். இழவு வீட்டில்கூட அடுப்பில் அதுதான் கொதிக்கும்.

"சாப்பாடு உனக்கு. டப்பா எங்கப்பாவுக்கு," என்றார்.

அவருடைய அப்பா ஓனொரே ஒரு காலத்தில் ட்ரம்ஸ்காரர். ஊரில் பாதி பேண்டுக்கு அவர்தான் தாளம். ஆனால் ஓர் இசைத்தட்டிலும் அவர் பெயர் கிடையாது. 'நாங்களும் ஒரு தடவை ரெக்கார்டிங் பண்ணினோம், நாற்காலிக் கடையின் பின்கட்டில்' என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரும் நம்பவில்லை. தட்டு வெளிவருவதற்குள் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்களாம். இப்போது, செத்துப்போன சாக்ஸபோன்காரரின் வீட்டை ஒழிக்கும்போது டப்பாவுக்குள் 1956 என்று எழுதிய டேப் அகப்பட்டிருக்கிறது.

ஓனொரே ஆஸ்பத்திரியில் இருந்தார். இன்றோ நாளையோ என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். கண் மூடுவதற்குள் ஒரு தடவை அதைக் கேட்டுவிட வேண்டும். அது ஒன்றுதான் அவர் கேட்டது.

"அதுல க்ளோவிஸ் இருக்கான், அதுல க்ளோவிஸ் இருக்கான்னு ராவும் பகலும் இதே பேச்சு," என்றார் மிஸ் யூலா.

யார் அது என்றேன்.

"ட்ரம்பெட்காரர். அப்பாவுக்கு உயிர் சிநேகிதர். நான் பொறக்கறதுக்கு முந்தியே போயிட்டார். உன்னை மாதிரி கழுதைக் கத்தல் இல்லையாம் கண்ணு, நிஜமாவே வாசிப்பாராம்."

சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பழைய மெஷினில் டேப்பைக் கோத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டேன்.

அருமையான பேண்ட். உலகம் இவர்களைக் கேட்காமலே விட்டுவிட்டதே! பாட்டின் கடைசியில், ஜாஸ்காரர்கள் வழக்கமாகச் செய்வதுபோல, முறை மாற்றி வாசிக்க ஆரம்பித்தார்கள். ஆளுக்கு நாலு ஆவர்த்தனம். முதலில் சாக்ஸபோன், அடுத்து ட்ராம்போன், அதற்கடுத்து ட்ரம்பெட், கடைசியில் ட்ரம்ஸ். மறுபடி முதலிலிருந்து. இந்த வரிசை மாறவே மாறாது.

ட்ரம்பெட்டின் முறை வந்தது.

ஒன்றுமில்லை.

நாலு ஆவர்த்தனமும் வெறுமையாக ஓடின. பியானோகூட நின்றுவிட்டது. ஓனொரேயின் கால் மட்டும் மெல்லத் தாளத்தை மிதித்துக்கொண்டிருந்தது. பிறகு ட்ரம்ஸ் இடி மாதிரி இறங்கியது.

இப்படி நாலு சுற்று. நாலிலும் அதே ஓட்டை. நாலாவது ஓட்டையோடு டேப்பே தீர்ந்துவிட்டது. ஓனொரேயின் கடைசி முறை பதிவாகவே இல்லை.

ட்ரம்பெட்டின் மைக் வேலை செய்திருக்காது என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் அது சகஜம். ஒரே அறையில் வாசித்திருந்தால் பக்கத்து மைக்கிலாவது லேசாகக் கேட்டிருக்க வேண்டும். அவசரத்தில் அது எனக்கு உறைக்கவில்லை.

சாகப்போகிற மனிதர். சிநேகிதனின் வாசிப்பைக் கேட்க ஏங்கிக் கிடக்கிறார். அவர் காதில் இந்த வெற்றிடத்தையா ஊற்றுவது?

நானே வாசித்து நிரப்பிவிடலாம் என்று முடிவு செய்தேன். கேசட்டில் டேப்பும் ஏறும், என் ட்ரம்பெட்டும் ஏறும். கிழவருக்குத் தெரியவா போகிறது?

வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. விளக்கைப் போட்டேன். டேப்பை மறுபடி ஓடவிட்டேன்.

சாக்ஸபோன். ட்ராம்போன். என் முறை. ட்ரம்பெட்டை வாயில் வைத்தேன்.

டக்... டக்.

ஹெட்போனில் சின்னதாய் ஒரு சத்தம். உலோகத்தில் மோதிரம் தட்டுவதுபோல. முதல் தடவை கேட்டபோது இது இருந்ததா?

வாசித்தேன். சுமாராக வந்தது. ட்ரம்ஸ் பதில் சொன்னது. மறுபடி சாக்ஸபோன் தொடங்கியது.

நான் கடைசியாக வாசித்த அதே ஸ்வரங்களில் தொடங்கியது.

நாற்பத்தொரு வருஷம் முன்னால் பதிவான சாக்ஸபோன்...

தற்செயல்தான் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாவது முறை வந்தது.

டக்... டக்.

வாசித்தேன். இந்தத் தடவை டேப்பில் யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். தெரிந்தவனைக் கண்டால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

மூன்றாவது முறை. உதட்டில் வைத்த ட்ரம்பெட் சுட்டது. ஈரமாக இருந்தது. நாக்கில் சோம்பு மிட்டாய் ருசி. நான் சோம்பு மிட்டாய் தின்பதில்லை.

எப்படியோ வாசித்து முடித்தேன்.

வெளியே இடி. விளக்கு அணைந்தது. மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. தெரு முழுக்க மின்சாரம் இல்லை.

டேப் ஓடிக்கொண்டிருந்தது.

ட்ரம்பெட்டை மேஜைமேல் வைத்தேன். ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன்.

டக்... டக்.

அறைக்குள்.

என் ட்ரம்பெட்டில் விரலால் அமுக்கும் மூன்று கட்டைகளில் நடுக்கட்டை தானாக அமுங்கியது.

நான் தொடவில்லை...

நாலு ஆவர்த்தனம்.

அப்படி ஒரு வாசிப்பை வேறு யாரிடமும் நான் கேட்டதே இல்லை. கடைசி ஸ்வரம் இறங்காமல் மேலேயே நின்றது. யாரையோ கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பதுபோல.

டேப் தீர்ந்தது. பட்... பட்... பட் என்று அதன் நுனி அடித்துக்கொண்டிருந்தது.

மழைக்குள்ளேயே மிஸ் யூலா வந்துவிட்டார். அப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டதாம். கேசட்டையும் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம், மின்சாரம் போனபோதே பதிவும் நின்றிருக்கும், கேசட்டில் மூன்று முறைதான் இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஓனொரே காய்ந்த குச்சிபோலக் கட்டிலில் கிடந்தார். தலையணை ஓரம் சின்ன டேப்ரெக்கார்டரை வைத்து ஓடவிட்டார் மிஸ் யூலா. கிழவரின் விரல்கள் போர்வைமேல் தாளம் போட்டன. சாக்ஸபோன்காரரின் பெயரைச் சொல்லிச் சிரித்தார். ட்ராம்போன்காரரைத் திட்டினார்.

என் ட்ரம்பெட் வந்தது.

விரல்கள் நின்றன. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"நீதானா?"

தலையாட்டினேன்.

"உதடு பலமில்லை. நல்லா சாதகம் பண்ணு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஆனா அதை நீ தொட்டிருக்கக் கூடாதுடா தம்பி."

மூச்சுக்கு நடுவே விட்டு விட்டுச் சொன்னார். ரெக்கார்டிங் நாளன்று காலையில், ஏரிப் பாலத்தில் க்ளோவிஸின் கார் கவிழ்ந்துவிட்டது. சேதி வந்தபோது எல்லோரும் வாத்தியத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். வேறு ஆள் போடலாம் என்றார் கம்பெனிக்காரர். மாட்டோம் என்றுவிட்டார்கள். க்ளோவிஸின் நாற்காலியைக் காலியாகப் போட்டு, அவன் முறை வரும்போதெல்லாம் எல்லோரும் நிறுத்தினார்கள். அது அவன் இடம். அதில் அந்நியன் யாரும் வாசிக்கக் கூடாது என்று அன்றைக்கே சத்தியம் செய்துகொண்டார்கள்.

"அவன் ட்ரம்பெட்ல நடுக்கட்டை ஒட்டிக்கும். வாசிக்கறதுக்கு முந்தி மோதிரத்தால ரெண்டு தட்டு தட்டுவான்."

அந்தச் சத்தத்தைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது முறை ஓடியது. மூன்றாவது ஓடியது. இத்தோடு நின்றுவிடும் என்று காத்திருந்தேன்.

நிற்கவில்லை.

டக்... டக்.

மிஸ் யூலா என் தோளைத் தொட்டார். "இந்தத் தடவைதான் கண்ணு நல்லா வாசிச்சிருக்கே."

நான் கிழவரைப் பார்த்தேன்.

ஓனொரேயின் முகம் மாறியது. தன்னைத் தூக்கி உட்காரவைக்கச் சொன்னார். ஒரு வாரமாகத் தலை தூக்காத மனிதர், நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் குச்சிகள்போல நீட்டிக்கொண்டார். அந்தக் கடைசி ஸ்வரம் மேலே நின்றது. கேசட் நின்றது.

படுங்கப்பா, பாட்டு முடிஞ்சாச்சு என்று மிஸ் யூலா அவர் தோளை அழுத்தினார்.

கிழவர் வாசல் பக்கம் பார்த்துத் தலையசைத்தார்.

"எங்க முடிஞ்சுது? அவனுக்கு அடுத்தது என் முறையாச்சேம்மா."