சுமத்ராவின் மழை குறையல்ல

கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி காபியை எடுத்து, உதட்டோரம் வைத்து, ‘சர்ர்’ரென்று உறிஞ்சுவார் மேடம். அமெரிக்காவின் சான் ஹோசேயில் நான் வேலை பார்த்த காபி நிறுவனத்தின் ருசி பார்க்கும் அறையில் அந்தச் சத்தத்தோடுதான் நாள் தொடங்கும். சென்னையில் பிறந்தவர், சுமத்ராவின் மேடான் நகரில் காபி ஏற்றுமதியில் பல வருடம் இருந்துவிட்டு அமெரிக்கா வந்தவர். அவர் தலைமை ருசிப்பாளர், நான் அவருக்கு அடுத்த இடம். வந்து இறங்கும் ஒவ்வொரு சரக்கையும் இருவரும் தனித்தனியே ருசி பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

தென்கிழக்காசியக் காபி என்று யாராவது ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசினால் மேடத்துக்குக் கோபம் வரும். வட தாய்லாந்து மலைகளில் விளைந்து, நீரில் கழுவிக் காயவைத்த கொட்டையில் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளியது போல ஒரு புளிப்பு இருக்கும். ஜாவாவின் எரிமலைச் சரிவில் விளைந்தது சுத்தமாக, அடக்கமாக நாக்கில் இறங்கும். சுமத்ரா வேறு. அங்கே மழை சும்மா விடாது. கொட்டை முழுதாகக் காயட்டும் என்று காத்திருந்தால் பூசணம் பிடித்துவிடும். அதனால் ஈரம் இருக்கும்போதே மேலோட்டை நீக்கி, பிறகு காயவைக்கிறார்கள். அந்தக் காபியின் கனமும், நனைந்த மண்ணும் மரப்பட்டையும் கலந்த வாசனையும் அப்படி வந்தவைதான்.

ஒரு வருடம் கொள்முதலுக்குப் புதிதாக வந்த இயக்குநர் தேவைக்கு மேல் சுமத்ரா காபிக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டார். சரக்கு துறைமுகத்துக்கு வந்த பிறகுதான் அது அவருக்கு உறைத்தது. தரம் குறைவு என்று எங்களில் ஒருவர் எழுதிக் கொடுத்தாலே திருப்பி அனுப்பிவிடலாம். ‘மண் வாசனை: குறை’ என்று அச்சடித்த தாளை எங்கள் முன் வைத்தார். ஏதோ ஒரு மலையடிவாரத்தில் பல குடும்பங்களின் ஒரு வருட உழைப்பு அந்த மூன்று வார்த்தைக்குள் அடங்கிப்போயிருந்தது.

“இது குறையல்ல, அந்த ஊரின் மழை. மழையை நான் நிராகரிக்க முடியாது” என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்லிவிட்டு, மேடம் தாளைத் தள்ளி வைத்தார். இயக்குநர் என் பக்கம் திரும்பினார். நிறுவனத்தின் மூலம் போட்டிருந்த என் கிரீன் கார்டு விண்ணப்பம் அவருடைய கையெழுத்துக்காகக் காத்திருப்பதைச் சிரித்துக்கொண்டே நினைவூட்டினார். நாளைக்குள் முடிவு வேண்டும் என்றார்.

டேகேர் போகும் மகள் கண்முன் வந்தாள். “மேடம், அவர் பேப்பர்ஸை ஹோல்ட் பண்ணிட்டா நான் என்ன பண்றது?” என்றேன்.

“பயமாத்தான் இருக்கும்ப்பா. நீ சைன் பண்ணா நான் தப்பா நினைக்க மாட்டேன்” என்றார். காலிக் கிண்ணம் ஒன்றை என் பக்கம் நகர்த்திவிட்டு, “ஆனா ஒரு தடவை டேஸ்ட் பண்ணிட்டு எழுது. பண்ணாம எழுதாத” என்றார்.

மறுநாள் காலை நான் மட்டும் அந்த அறையில் ஐந்து கிண்ணங்களில் காபி தயாரித்தேன். ஒவ்வொன்றாக உறிஞ்சினேன். பூசணம் இல்லை, அழுகல் இல்லை. கனம் இருந்தது, மரப்பட்டை இருந்தது, மழை இருந்தது. திடீரென்று ஆத்திரம் வந்தது. சம்பளத்துக்கு என் நேரத்தைக் கொடுத்திருக்கிறேன், நாக்கையுமா கொடுத்தேன்? அச்சடித்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுத் தாளில் ‘குறை எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

சரக்கை ஏற்றுக்கொள்வதைத் தவிர இயக்குநருக்கு வழியில்லை. அடுத்த மாதமே மேடத்தின் பதவி இனித் தேவையில்லை என்று அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். என் விண்ணப்பமும் அப்படியே நின்றுபோனது. நான் வேறு வேலை தேடுவதை ஃபோனில் சொன்னபோது மேடம் உரக்கச் சிரித்தார். “நானும் இன்டர்வியூ அட்டெண்ட் பண்ணிட்டுத்தான் இருக்கேன். ஏன் வேலை போச்சுன்னு கேக்கறாங்க. ஒழுங்கா டேஸ்ட் பண்ணேன், அதான்னு சொல்லிடறேன்.”

இன்று அவர் அருகே உள்ள பிளசன்டனில் சொந்தமாகக் காபி வறுத்து விற்கிறார். ஒவ்வொரு பையிலும் அது விளைந்த மலையின் பெயர் இருக்கும். எனக்கு வேறு மாநிலத்தில், பிளானோவில் வேலை கிடைத்தது. நேர்முகத்தில் பழைய வேலையை ஏன் விட்டேன் என்று கேட்டார்கள். மேடம் சொன்ன அதே பதிலைச் சொன்னேன். கிரீன் கார்டு வரிசையில் மறுபடி கடைசியில் நிற்கிறேன். நிற்பதில் எனக்கு வெட்கமில்லை.