காற்று நின்றதும் எல்லோரும் ஓடினார்கள்: அட்டாளைச்சேனை முகத்துவாரப் பயணம்

ஒரு பயணத்துக்குக் காரணம் ஒன்று போதும். எனக்கு இரண்டு கிடைத்தன. கார்த்திகை மாதம், விடாத மழை, பாடசாலை பூட்டு. இது முதலாவது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று ரேடியோ சொன்னது. இது இரண்டாவது. எழுபத்தெட்டுச் சூறாவளிக்குப் பிறகு எங்கள் கல்முனையில் அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும், வாப்பாமார் கூரைக்குக் கயிறு கட்டுவார்கள், உம்மாமார் அரிசிச் சாக்கை உயரத்தில் ஏற்றுவார்கள். எனக்கு மட்டும் அமுக்கம் தாழத் தாழ ஊக்கம் ஏறும்.

அந்த நேரம் பார்த்து அட்டாளைச்சேனையிலிருந்து மாமா செய்தி அனுப்பினார். கொண்டுவந்தவர் அக்கரைப்பற்று பஸ் ஓட்டும் அசனார் காக்கா; அண்ணனை நாங்கள் காக்கா என்போம். எங்கள் கரையில் தபாலை விட அவர் வேகம்.

"முகத்துவாரம் வெட்டப் போறாங்களாம். கை காணாதாம். மருமகன அனுப்பட்டாம்."

உம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "வேலைக்குப் போறியா, வேடிக்கைக்குப் போறியா?"

"ரெண்டும் ஒரே பஸ்தான் உம்மா," என்றேன்.

முகத்துவாரம் வெட்டுவதைக் காணாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். கோடையில் கடல் ஆற்றின் வாயில் மணலைக் குவித்து அடைத்துவிடும். மாரி வந்ததும் ஆற்றுத் தண்ணீர் போக வழியில்லாமல் வயலுக்குள் திரும்பும். அப்போது வயல்காரர் எல்லோரும் மண்வெட்டியோடு போய் அந்த மணல் மேட்டைக் குறுக்கே வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். ஆனால் கடல் உயர்ந்து நிற்கும்போது வெட்டினால் அலை மணலைத் திரும்பத் தள்ளி மூடிவிடும். போதாததற்கு உப்புத் தண்ணீர் வயலுக்குள் ஏறும். கடல் இறங்கும் நேரம் பார்த்துத்தான் வாயைத் திறக்க வேண்டும். மாமாவின் ஐந்து ஏக்கர் இளம் பயிரும் அப்போது தண்ணீருக்கு அடியில் கிடந்தது. இன்னும் இரண்டு நாள் கிடந்தால் அழுகிவிடும். திரும்ப விதைக்க அவரிடம் விதைநெல் இல்லை.

காலை எட்டரைக்குக் கல்முனையில் ஏறினேன். ஏறக்குறைய பதினான்கு மைல், டிக்கெட் இரண்டு ரூபாய் ஐம்பது சதம். வழக்கமாக முக்கால் மணித்தியாலம் போதும். அன்று இரண்டே கால் எடுத்தது. போகிறவர்கள் இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். ஒலுவில் தாண்டிய பிறகு தென்னைகளுக்கு நடுவே கடல் வெட்டி வெட்டித் தெரியும்.

களியோடைப் பாலத்துக்கு அருகே றோட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடியது. அசனார் காக்கா பஸ்ஸை நிறுத்தி, விளிம்பு எது, வாய்க்கால் எது என்று காட்ட ஆட்களை முன்னால் நடக்கவிட்டார். முறை வரும்வரை சும்மா நிற்கலாமா? மூக்கைப் பிடித்துக்கொண்டு ரேடியோக் குரலில் தொடங்கினேன்.

"மட்டக்களப்பு முதல் பொத்துவில் வரையான கடற்பரப்பு கொந்தளிப்பாகக் காணப்படும். கொண்டக்டரின் முகத்தில் சிரிப்பு மழைக்கு வாய்ப்பில்லை. பின் ஆசனத்தில் குறட்டையுடன் கூடிய பலத்த காற்று வீசும்."

பஸ் முழுக்கச் சிரித்தது. பின் ஆசனக்காரர் எழும்பி, நிசமாகவே காற்று வருகிறதா என்று கேட்டார். அசனார் காக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஒனக்கு ஒரு நாளைக்கு நான் தாறன்டா," என்றார். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமி வீட்டில் ரொட்டியும் தேத்தண்ணியும். பிறகு மாமாவும் நானும் ஒரு மைல் நடந்து முகத்துவாரத்துக்குப் போனோம். அந்தக் கடலை எப்படிச் சொல்வது? நிறம் பால் விட்ட தேத்தண்ணி. அலை ஒரு தரம் உடைந்து அடங்கவில்லை. தூரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கரையில் ஒன்று என்று மூன்று வரிசையாக உடைந்தது. நுரை பந்து பந்தாக உருண்டு வந்து இடுப்பில் கட்டிய சாரத்தில் ஒட்டியது. வாயைத் திறந்தால் மணல். அன்று நான் குறைவாகக் கதைத்ததற்குக் காரணம் அதுதான்.

நாற்பது பேர் இருக்கும். வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டவிதானையார் கயிறு பிடித்து வழி காட்ட, ஆற்றுப் பக்கத்திலிருந்து கடலை நோக்கி வெட்டினோம். கடைசித் துண்டை மட்டும், கடல் இறங்கும் வரை, விட்டு வைப்பது ஏற்பாடு. பக்கத்தில் தன் மீன் வாடிக் குடிசை வாசலில் இருந்து, கரைவலைத் தோணிக்குத் தலைவரான தண்டல் செல்லையா அண்ணன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றின் வாய் திறந்தால் இறால் முழுவதும் முகத்துவாரத்துக்கு வரும். அவருக்கு அதில்தான் கண்.

"இண்டைக்கு வெட்டி முடிப்பியளோ, இல்லாட்டி நான் வலையக் காயப் போடட்டோ?"

"காயப் போட வெயில் எங்க கிடக்கு?" என்றார் மாமா.

மூன்று மணி போல அது நடந்தது. காற்று நின்றது. குறையவில்லை, நின்றது. தென்னோலை அசையவில்லை. மழையும் விட்டது. என் காது 'ஙொய்' என்றது.

மண்வெட்டிகள் அப்படியே நின்றன. எல்லோருக்கும் ஒரே நினைவு. எழுபத்தெட்டில் எங்கள் கரையில் அப்படித்தான் ஆனது. காற்று ஒரு தரம் ஓய்ந்தது. முடிந்தது என்று வெளியே வந்தவர்களை மறுபக்கத்துக் காற்று வந்து அடித்தது. சூறாவளியின் கண் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் நாங்கள் படித்தோம்.

"கண் வந்திட்டு," என்றார் வட்டவிதானையார். "ஒருத்தரும் நிக்க வேணாம். பள்ளிவாசலுக்குப் போங்க."

ஓடினார்கள். மாமாவும் என் கையைப் பிடித்து ஓடினார். நான் பாதி வழியில் நழுவிக் கரைக்குத் திரும்பினேன். வீரம் என்று நினைக்க வேண்டாம். மறுபக்கத்துக் காற்று கடலுக்கு மேலால் வருவதை முதல் ஆளாகப் பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

செல்லையா அண்ணன் வாடியில் அசையாமல் இருந்தார்.

"ஓடல்லயா அண்ண?"

"அண்டைக்கும் நான் இஞ்சதான் தம்பி நிண்டனான். காத்து நிண்டது, கடல் நிக்கல்ல. நாலு பக்கத்தாலயும் மலை மலையா எழும்பினது. இப்ப பார்."

பார்த்தேன். காலையில் அவருடைய தோணியின் அடியை நனைத்த அலை இப்போது மணலில் பத்துப் பாகம், விரித்த கை அகலம் பத்து, கீழே நின்றது. மூன்று வரிசை ஒன்றாகிவிட்டது. எல்லா அலையும் ஒரே திசையிலிருந்து ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அவருடைய சிறிய ரேடியோ, பற்றறி இறங்கிய குரலில், தாழமுக்கம் வடக்கே விலகிப் போகிறது என்று முனகியது. வாய் திறக்க இதுதான் நேரம். வெட்ட ஆளில்லை. இருட்டினால் முடியாது. நாளைக்குக் கடல் என்ன சொல்லும் என்று யாருக்குத் தெரியும்.

"நீங்க போய்ச் சொல்லுங்களன்."

"நான் சொன்னா இறாலுக்காகச் சொல்றன் எண்டுவாங்க. நீ போ."

"நான் சொன்னா பகிடி எண்டுவாங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு வேகமாக ஓடக்கூடியவன் ஓடினான்.

பள்ளிவாசல் நிறைய ஆட்கள். மூச்சு வாங்கச் சொன்னேன். கடல் இறங்குகிறது, தாழமுக்கம் வடக்கே போகிறதாம், ரேடியோ சொல்கிறது. காலையில் என்னோடு பஸ்ஸில் வந்த ஒருவர் சிரித்தார். "ரேடியோ எங்க? ஒன்ட மூக்குக்குள்ளயா?" சுற்றிச் சிரிப்பு. மாமா சிரிக்கவில்லை. அவர் முகம் சிவந்தது. "இதுலயும் பகிடியாடா? என்ட வெள்ளாமைக்கு மேலயா?" என்றார். அடித்திருந்தால் கூட அப்படி வலித்திருக்காது.

பக்கத்து மத்ரஸாக் கட்டடத்தில் பெண்கள். மாமி வாசலுக்கு வந்து கூப்பிட்டார்.

"ரேடியோக் கதை வேணாம். கண்டதச் சொல்லு. கடல் எங்க நிக்குது?"

"செல்லையா அண்ணன்ட தோணிக்குப் பத்துப் பாகம் கீழ, மாமி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மாமி ஆண்கள் பக்கம் திரும்பினார். "இவன் பொய் சொன்னா கடல் வத்திக் கப்பல் தரையில கிடக்கு எண்டிருப்பான். பத்துப் பாகம் எண்டு சொல்ல மாட்டான். நீங்க கண்ணப் பாத்துக்கொண்டு இரிங்க. நான் வயலப் பாக்கப் போறன்." மதிலில் சாத்தியிருந்த மாமாவின் மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். பின்னால் இன்னும் நாலு பெண்கள். அதற்குப் பின்னால் மாமா. அதற்குப் பிறகு பள்ளிக்குள் இருந்தவர்கள் செருப்புத் தேடிய அவசரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் வந்தது இரண்டு இடது கால் செருப்போடு.

நாலரைக்குத் திரும்ப வெட்டத் தொடங்கினோம். வட்டவிதானையார் ஓடி வந்து கடலை நேராகப் பார்த்தார், கயிற்றைப் பிடித்தார். மஃரிப் தொழுகைக்குச் சற்று முன், இருட்டும் நேரம், கடைசித் துண்டில் அவரே பிஸ்மி சொல்லி ஒரு வெட்டு வைத்தார்.

முதலில் விரல் தடிப்பில் ஒரு நீர்க் கோடு. ஒரு சின்னப் பிள்ளை காலால் அடைக்கலாம் போல. பிறகு ஒரு முழ அகலம். பிறகு கரை துண்டு துண்டாக விழ, ஆறு தானே தன் வழியை வெட்டியது. சத்தம் லொறி போவது போல. கலங்கல் தண்ணீர் கடலுக்குள் நீளமான ஒரு நாக்கை நீட்டியது. ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு வெட்டிய இடம் அரை மணித்தியாலத்தில் ஒரு வீட்டு வளவு அகலம் ஆனது. என் இரண்டு இடது செருப்பும் அதில்தான் போயின. செல்லையா அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் வலை வீசி, "இறால், இறால்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். மாமா என் தலையில் மணல் கையை வைத்து, எடுக்க மறந்து நின்றார்.

போக நினைப்பவர்களுக்கு: கார்த்திகை, மார்கழி நல்ல காலம். நாள் முன்கூட்டித் தெரியாது, பஸ் சாரதிமாரிடம் கேளுங்கள். வெட்டிய கரை விளிம்பில் ஒருபோதும் நிற்காதீர்கள், அது சொல்லாமல் இறங்கும். நல்ல செருப்பை வீட்டில் விடுங்கள். ரேடியோவுக்குப் புதுப் பற்றறி போடுங்கள். காற்று நின்றால் தனியே நின்று முடிவு எடுக்காதீர்கள். கண் என்றால் ஓடத்தான் வேண்டும். ஆனால் ஓடுமுன் ஒரு தரம் கடலைப் பாருங்கள். காற்று ஓய்ந்தாலும் கடல் ஓயாமல் குமுறினால், திரும்பிப் பார்க்காமல் ஓடுங்கள்.

நான் மறுநாள் வீடு வந்துவிட்டேன். வயல் என்ன ஆனது என்று தெரியாது. தண்ணீர் வடிய நாள் எடுக்கும். அதற்கு அடுத்த நாள் கல்முனை பஸ் நிலையத்தில் அசனார் காக்காவைப் பிடித்தேன். அவர் பஸ்ஸை விட்டு இறங்காமல் முகத்தைத் தொங்கப் போட்டார்.

"என்னத்தச் சொல்ல தம்பி. வெட்டின வழியால கடல் உள்ள வந்திட்டாம். ஒன்ட மாமாட அஞ்சு ஏக்கரும் போச்சாம்."

மாமாவிடம் போக அதே பஸ்ஸின் படியில் காலை வைத்தேன்.

"வரம்பும் போச்சாம். வாடியும் போச்சாம். மாமாட கிணறும் கடலுக்குப் போயிட்டாம்."

கிணறு என்றதும் எனக்குப் பகிடி விளங்கியது. "காக்கா, உண்மையச் சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே கியரைப் போட்டார்.

"பயிர்ட நுனி தெரியுதாம். ரெண்டு விரல் அளவு."