ஏரி ஊமச்சியும் கடல் ஊமச்சியும்

கடல் தண்ணீர்த் தொட்டிக்குள் ஏரி நத்தையை விட்ட முட்டாள் தமிழ்நாட்டிலேயே ஒருவன்தான் இருப்பான். அவன் நான்தான்.

தொண்ணூற்றொன்றில் தண்டலத்தில் வாடகைக்கு இருந்தோம், நானும் என் மனைவியும். மூன்றாவதாக ஒருத்தி வந்திருக்க வேண்டும். எட்டாம் மாதத்தில், ஆஸ்பத்திரியிலேயே, எங்களைப் பார்க்காமல் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மனைவி பேசுவதை விட்டுவிட்டாள். கோபமில்லை, அழுகையுமில்லை. கேட்டால் தலையசைப்பாள். எனக்கும் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது. வாய் மட்டும் வழக்கம்போல ஜோக்கடித்துக்கொண்டிருந்தது. கம்பெனியில் லைனில் நிற்பவர்கள் சிரித்தார்கள். வீட்டில் சுவர் கேட்டுக்கொண்டது.

வடக்குப்பட்டிலிருந்து அவளுடைய அண்ணன் வந்தார். தங்கச்சியைக் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கொஞ்ச நாள் என்று அம்மா வீட்டுக்குப் போன பெண்களில் எங்கள் தெருவிலேயே திரும்பாதவர்கள் உண்டு. இவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாசக் கடைசியில் வருகிறேன், யோசித்து வை என்று எழுந்து போனார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு மீன் தொட்டி இருந்தது. அன்றைக்கு அவள் பார்த்தது அது ஒன்றைத்தான். ஆகவே வீட்டில் ஒரு தொட்டி வைத்தால் போகமாட்டாள் என்று என் மூளை முடிவு கட்டியது. தங்கமீனோடு நிறுத்தியிருக்கலாம். என்னோடு ஷிஃப்ட் பார்த்த கோவளத்துக்காரன், கடல் மீனில்தான் கலர் இருக்கிறது என்றான், தலையாட்டிவிட்டேன். கம்பெனி விசிட்டர் ரூமில் வேண்டாமென்று போட்டிருந்த கண்ணாடித் தொட்டியைக் கேட்டு வாங்கி, கடல் தண்ணீரைக் கேன் கேனாக பஸ்ஸில் கொண்டுவந்தேன். கண்டக்டர் என்னவென்று கேட்டார். தீர்த்தம் என்றேன். பக்தியாகக் கையை நீட்டினார். ஊற்றினேன். வாயில் விட்டவர் ஒரகடம் தாண்டும்வரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.

கோவளத்துக்காரன் கொடுத்த இரண்டு மீனும் நன்றாகத்தான் இருந்தன. போகப்போகக் கண்ணாடியில் பச்சை படிந்தது. மீன் தின்னாமல் விட்ட இரை மணலில் அழுகியது. அவனிடமே யோசனை கேட்டேன். ஊமச்சியை விடு, எல்லாவற்றையும் மேய்ந்துவிடும் என்றான்.

எங்கள் பக்கம் ஊமச்சி என்றால் ஏரி நத்தை. வாய் பேசாத பெண்ணுக்கும் அதே பெயர்தான். அவன் ஊரில் அது பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கடல் நத்தை என்பது எனக்குத் தெரியாது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு வாளி பொறுக்கி வந்தேன். கீழ் வீட்டு அக்கா வாளியை எட்டிப் பார்த்து, மூலத்துக்குச் சமைக்கவா என்று அக்கறையாக விசாரித்தாள். வளர்ப்பதற்கு என்றேன்.

"வூட்ல ஏற்கெனவே ஒரு ஊமச்சி கீதே, பத்தலையா?"

நான் சிரித்தேன். எதற்கும் சிரித்துவைப்பது என் பழக்கம். திரும்பினால் அடிபம்பில் மனைவி குடத்தோடு நின்றிருந்தாள். குடம் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

உப்பு பட்டதும் நத்தைகள் மூடியைச் சாத்திக்கொண்டன. புது இடம், வெட்கம் என்று நினைத்தேன். மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்தால் தெருமுனையிலேயே நாற்றம். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு அவள் கரண்டியால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மீன் செத்திருந்தது. இன்னொன்று பக்கெட்டில் வாயைத் திறந்து திறந்து மூடியது.

விஷயத்தைக் கேட்டு கோவளத்துக்காரன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு, லீவு நாளில் வா, காட்டுகிறேன் என்றான். கேன் தூக்க ஆள் வேண்டும், வருகிறாயா என்று அவளிடம் கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கோவளத்தில் கடல் உள்வாங்கியிருந்தது. நான் முதலில் எடுத்தது கூம்பாக, பொட்டுப் பொட்டாக, மிகவும் அழகான ஒரு நத்தை. அவன் என் கையைத் தட்டிவிட்டான்.

"கொட்னா ஆளே காலி மச்சி. இது மீனத் துன்றது, அழுக்கத் துன்றதில்ல."

அடுத்து வெள்ளரிக்காய் போலக் கிடந்த கடல் அட்டையைத் தூக்கினேன். மணலைச் சுத்தம் செய்யுமாம். ஆனால் செத்தால் தொட்டித் தண்ணீர் முழுக்க விஷமாம். என் தேர்வுத் திறமை அவ்வளவுதான். நல்லவேளை, எனக்குப் பெண் பார்த்தது என் அம்மா.

மனைவி ஒரு பாறைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். அதில் ஒட்டியிருந்த நத்தைகளில் பிடுங்க வராமல் முரண்டு பிடிப்பவையாகப் பார்த்துப் பிடுங்கி, ஈரப் பாறையில் மல்லாக்கப் போட்டுக் காத்திருந்தாள். தானாகப் புரண்டால் வாளிக்கு. சும்மா கிடந்தால் கடலுக்கு. மிச்ச இரையைத் தின்ன, காலிச் சங்கில் குடியிருக்கும் நண்டுகளில் சின்னதாக இரண்டு எடுத்தாள்; பெரியது நத்தையையே பிய்த்துத் தின்னும் என்று கோவளத்துக்காரன் சொல்லியிருந்தான்.

ஒரு நத்தை புரளவில்லை. மற்றவற்றுக்குக் கொடுத்ததைவிட அதற்கு அதிக நேரம் கொடுத்தாள். வெயில் ஏறியது. ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. அவள் அதை உள்ளங்கையில் வைத்து, மூடியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு வீசாமல், குனிந்து, தண்ணீருக்குள் இறக்கிவிட்டாள்.

திரும்பும்போது வாளியை என்னிடம் கொடுக்கவில்லை. பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

மாசக் கடைசியில் அண்ணன் வந்தார். ஆட்டோவைக் கீழே காத்திருக்கச் சொல்லிவிட்டு மேலே வந்து, மாப்ள, தங்கச்சி கிளம்பியாச்சா என்றார். அவரை வெளியே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். முதலில் சுவர் ஆணியைப் பார்த்தேன். ஊருக்குப் போகும்போது அவள் எடுக்கும் துணிப்பை அங்கேயே தொங்கியது. அதை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது. எடுக்க எவ்வளவு நேரமாகும்?

அவள் தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டு மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் பச்சையைத் தின்றுகொண்டே போன நத்தைகள் கோணல்மாணலாக வழி போட்டிருந்தன.

"உங்க அண்ணன் ஆட்டோவோட வந்துகீறாரு. போறியா, இருக்கியா? நான் இன்னான்னு சொல்லட்டும்?"

அவள் கையை வெளியே எடுக்கவில்லை.

"சாப்ட்டுப் போவச் சொல்லு."