சின்னம்மா கொண்டுவந்த வேன்

மஞ்சள் வேனின் கதவை அம்மா தடவிப் பார்த்தபோது நூதனசாலைக் காவலர் தடுக்கவில்லை. ஹட்டனுக்கு அருகே, மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையொன்றில் அந்தக் காலத்துத் தொலைபேசிச் சாமான்களைச் சேர்த்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கறுப்புப் போன்கள், வயர் தொங்கும் சுவிட்ச்போர்ட், நடுவில் லைன் திருத்தப் போகும் இந்த வேன், கூரையில் ஏணியோடு. சுவிட்ச்போர்டின் பக்கம்தான் நான் முதலில் போனேன். லிந்துலைத் தொலைபேசி நிலையத்தில் அப்படியொன்றின் முன்னால்தான் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, காலமெல்லாம் உட்கார்ந்திருந்தார். ஊர்க்கதை முழுவதும் அவர் காதில் விழும். வாயிலிருந்து ஒன்றும் வராது.

எங்கள் தேயிலைத் தோட்டங்களில் சாவை யாரும் போனில் சொல்லமாட்டார்கள். 'சீரியஸ்' என்பார்கள். அதைக் கேட்ட வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் புறப்படமாட்டார்கள். அழுதுகொண்டே அடுப்பை அணைத்து, பிரேதம் வந்திறங்க இடம் ஒதுக்குவார்கள். டவுனுக்குப் போயிருந்த அப்பா மயங்கி விழுந்தார் என்று நுவரெலியா ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தபோது, அதை எடுத்தவர் சின்னம்மா. நிலைமை உண்மையாகவே சீரியஸ், மனைவியை உடனே அனுப்புங்கள் என்றார்கள். 'உயிரோடுதான் இருக்கிறார்' என்று சேர்த்துச் சொல்லி அனுப்பினாலும் பயனில்லை. அதையும் எல்லோரும் சொல்வதுதானே! போர்டைப் பக்கத்திலிருந்தவரிடம் விட்டுவிட்டு, லைன் வேன் சாரதியிடம் கெஞ்சிக் கூத்தாடி, தானே ஏறி வந்துவிட்டார்.

வேலை நேரத்தில் தங்கை எங்கள் லயத்து வீட்டு வாசலில் வந்து இறங்குவதைக் கண்ட அம்மா, தலையிலடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சின்னம்மாவுக்கு வந்ததே கோபம்.

"மாமா செத்திருந்தா நான் எதுக்குக்கா இம்புட்டுத் தூரம் ஓடியாறேன்? போன்லயே 'சீரியஸ்'னு சொல்லியிருப்பேனே! எந்திரி, வண்டியில ஏறு!"

வயர்ச் சுருள்களுக்கு நடுவே, சேற்றுக் காலோடு அம்மா நுவரெலியா போய்ச் சேர்ந்தார். அன்று சாயங்காலம் அப்பா அவரோடு பேசினார். மறுநாள் காலையில் போய்விட்டார். வேனை வேறு காரியத்துக்கு எடுத்ததற்காகச் சின்னம்மா மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அதை ஒருநாளும் எங்களிடம் சொல்லிக்காட்டியதில்லை.

இப்போது லயத்தில் ஆளுக்கொரு போன் இருக்கிறது. சின்னம்மாதான் இல்லை. இந்த வேன் தெற்கே மாத்தறைப் பக்கம் ஓடியது என்று காவலர் சொன்னதும் எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. அம்மா அசரவில்லை.

"எந்த வண்டியா இருந்தா என்ன தம்பி, செத்த நேரம் உக்காந்துக்கிறேனே."

காவலர் கதவைத் திறந்துவிட்டார். அம்மா பின்பக்கப் பலகையில் உட்கார்ந்தார். அப்பா அன்று என்ன பேசினார் என்று நான் கேட்டதே இல்லை. இன்று அம்மாவாகவே சொன்னார்.

"யாரு கூட்டியாந்தான்னு கேட்டாரு. தங்கச்சின்னேன். 'அவ சாப்பிட்டாளா, கேளு'ன்னாரு. அப்புறம் இருந்த அழுகையில நான் எங்க கேட்டேன்? பாவி மக, பசியோடதான் இதுக்குள்ள உக்காந்திருந்திருப்பா."